வேலையில்லா உதவித்தொகை வாங்கிக்கொண்டே படிக்கலாமா, தன்னார்வப் பணிக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது. அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதி பக்கம் ஒரு கிராமம். 27 வயதுப் பெண். பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் தாண்டியதால் அரசின் உதவித்தொகை கிடைத்து, இரண்டு காலாண்டுப் பணம் வந்துவிட்டது. இனி தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சேர ஆசை. குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறார். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வந்து வேலை கற்றுக்கொள்ளச் சொல்கிறது. “படிக்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் வர்ற பணம் நின்னுபோகும், பேசாம வீட்டுல இரு” என்கிறார் அப்பா. லண்டனில் இருக்கும் பெரியம்மா மகனோ, ஆபீஸுக்குப் போய் வேலை தேடியதற்குக் கணக்குக் காட்டாவிட்டால் பணத்தை வெட்டிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். காது சரியாகக் கேட்காத தம்பிக்கும் இதே விதிதானா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தொலைதூரப் படிப்பு தாராளமாகப் படிக்கலாம். சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கும் போகலாம்; ஆனால் அங்கே உங்கள் கைக்குப் பணம் ஏதாவது வருகிறதா, என்ன பெயரில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்பா சொல்கிறபடி வீட்டில் சும்மா இருப்பது ஒன்றுதான் இதில் நிச்சயமான நஷ்டம். வேலைவாய்ப்புத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் படிப்பையும் பயிற்சியையும் விட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பணம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்புத் தவறியவர்களுக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். உங்களுக்கு ஒரு தடவைக்கு 1,800 ரூபாய். மூன்று ஆண்டுதான் தருவார்கள். கடைசிவரை ஒரு காலாண்டுகூட விடாமல் வாங்கினாலும் மொத்தம் 21,600 ரூபாய். விண்ணப்பக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் உதவும் பணம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைக் காப்பாற்ற மூன்று வருடத்தை முடக்குவது கணக்குக்கு ஒத்து வராது. அப்பாவிடம் இந்த 21,600-ஐ ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மூன்று வருடம் வீட்டில் இருந்தால் கிடைப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தால் பேச்சு மாறும்.

லண்டன் அண்ணன் சொன்னது பொய்யில்லை, அது அந்த ஊர் விதி. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர் ஜாப்சென்டரோடு, அதாவது அங்கத்திய வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு, ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். வாரம் 35 மணி நேரம் வரை வேலை தேடுவதாகக் காட்டச் சொல்வார்கள், தவறினால் தொகையைக் குறைப்பார்கள். முழுநேர மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அங்கேயும் தன்னார்வப் பணி செய்தால் வேலை தேடும் நேரத்தில் பாதிவரை அதைக் கழித்துக்கொள்ள இடம் உண்டு. அது பெரிய தொகை, அதற்குத் தகுந்த கெடுபிடி. தமிழ்நாட்டுத் திட்டத்தில் வாரா வாரம் கையெழுத்துப் போடுவது, எத்தனை கம்பெனிக்கு விண்ணப்பித்தாய் என்று பட்டியல் காட்டுவது எதுவும் கிடையாது. அந்தப் பயத்தை இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இங்கே உள்ள கடமைகள் வேறு. வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் உங்கள் நிலைமை மாறினால் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் தேதிக் கணக்கு, காலண்டரில் குறித்துவைத்தால் முடிந்தது. சிக்கல் எல்லாம் மூன்றாவதில்தான்.

உறுதிமொழி ஆவணத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் ஜெராக்ஸ் கடையிலேயே நின்று, கடைக்காரர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாஸ்புக் நகலைப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தாளில் நீங்கள் ஒப்புக்கொள்வது சுருக்கமாக இவைதான்: எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை, பள்ளியிலோ கல்லூரியிலோ நேரடியாகச் சேர்ந்து படிக்கவில்லை, அரசிடமிருந்து வேறு உதவித்தொகை வாங்கவில்லை, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகவில்லை. படிப்பு, பயிற்சி, தன்னார்வப் பணி என்று எது வந்தாலும் இந்த ஐந்தோடு ஒட்டிப் பாருங்கள். ஐந்தில் எதுவும் மீறாவிட்டால் தாராளமாகச் செய்யலாம்.

படிப்பைப் பார்ப்போம். நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் எம்.ஏ. என்றால் உதவித்தொகை கிடையாது. தொலைதூரக் கல்வி, அஞ்சல் வழிக் கல்வி இரண்டுக்கும் விதியிலேயே விலக்கு இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையமும் மதுரையில்தான், சிக்கந்தர்சாவடிப் பக்கம். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, படிப்புவாரியாகப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து டெப் ஐடி என்ற அடையாள எண்ணை மாணவரே எடுக்க வேண்டும். அதைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். டவுன்ஹால் ரோட்டிலிருந்து கோரிப்பாளையம் வரைக்கும் “அட்மிஷன் நடைபெறுகிறது” என்று போர்டு வைத்திருக்கும் எல்லாமே பல்கலைக்கழக மையம் கிடையாது.

இன்னொன்று. தொண்டு நிறுவன வேலையில் உண்மையாகவே ஈடுபாடு இருந்தால், வரலாற்றில் எம்.ஏ. போடுவதற்குப் பதிலாக சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. பற்றி ஒரு தடவை யோசியுங்கள். இக்னோவில் தொலைதூர முறையில் இருக்கிறது. எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம். அதில் களப்பணி கட்டாயம். நீங்கள் போகப்போகும் நிறுவனத்திலேயே அந்தக் களப்பணியைச் செய்ய முடிந்தால், ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் கணக்காகும். ஆனால் படிப்பு மையம் அந்த நிறுவனத்தையும் அங்கே உங்களை மேற்பார்வையிடுகிறவரையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் போய், இதைக் களப்பணியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எடுக்க மாட்டார்கள். பி.எட். என்ற யோசனை யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: தொலைதூர பி.எட்., ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு அது ஒத்து வராது.

குரூப் 4 படிப்பால் உதவித்தொகைக்கு ஒரு பாதகமும் இல்லை. உங்களுக்குப் பணம் தரும் அதே அலுவலகம்தான் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடத்துகிறது. கோ.புதூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எப்போது அடுத்த பேட்ச் என்று கேளுங்கள். அப்பன்திருப்பதியிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போகும் பஸ் புதூர் வழியாகத்தான் வருகிறது, உங்களுக்கு வழியிலேயே இருக்கிறது. நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அங்கிருந்து தூரமில்லை. போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு அங்கே தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவில் படிப்பதற்கு அது எவ்வளவோ மேல். குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

டைப்ரைட்டிங்கும் சேர்ந்துவிடுங்கள் என்பது என் யோசனை. காலையில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட் போவதை யாரும் முழுநேரப் படிப்பு என்று சொல்ல மாட்டார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்குத் தட்டச்சர் பணியிடத்தில் போட்டி குறைவு. வெறும் இளநிலை உதவியாளருக்கு மட்டும் காத்திருப்பவர்கள் கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ஐ.டி.ஐ. மட்டும் வேறு கதை. புதூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருப்பதால் சிலர் அங்கே சேர்ந்துவிட்டு இந்தத் தொகையையும் வாங்குகிறார்கள். அது முழுநேரப் பயிற்சி. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். ஐந்து நிபந்தனையில் இரண்டு ஒரே நேரத்தில் உடைகிறது. சேர்வது நல்லதுதான், ஆனால் சேரும் அன்றே இதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சரி, தன்னார்வப் பணிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் விதியில் தன்னார்வப் பணி கூடாது என்றும் இல்லை, கூடும் என்றும் இல்லை. வேலையில் இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. எது வேலை என்று ஒருவர் சந்தேகப்பட்டால் அவர் பார்ப்பது காகிதத்தையும் வங்கிக் கணக்கையும்தான். நீங்கள் மனத்தில் எதை நினைத்துக்கொண்டு போனீர்கள் என்பதை யாரும் பார்க்க முடியாது.

அதனால் போவதற்கு முன்பே நிறுவனத்திடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள். நான் பலருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இது:

“இன்னார் எங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் மூன்று மாத காலம், வாரத்தில் மூன்று நாட்கள், தன்னார்வலராக இருந்து பயிற்சி பெறுவார். இதற்கு ஊதியமோ மதிப்பூதியமோ வழங்கப்படாது. பயணச் செலவு மட்டும் பயணச்சீட்டைக் காட்டியபின் திருப்பி அளிக்கப்படும். இவர் எங்கள் பணியாளர் அல்லர். நேர்காணல், தேர்வு, வேலைவாய்ப்பு அலுவலக அழைப்பு ஆகியவற்றுக்கு அந்நாட்களில் வராமல் இருக்க அனுமதி உண்டு.”

ஐந்து வரிதான். இதில் கையெழுத்துப் போடத் தயங்கும் நிறுவனம் உங்களைத் தன்னார்வலராக நினைக்கவில்லை, சம்பளம் கொடுக்காத ஊழியராக நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பயணச் செலவுக்கு ஏன் அந்த வாசகம் என்றால், மாதா மாதம் முதல் தேதி 3,000 ரூபாய் என்று ஒரே தொகை கணக்கில் விழுந்தால், அவர்கள் அதற்குப் பயணப்படி என்று பெயர் வைத்தாலும் பாஸ்புக்கில் அது சம்பளம் மாதிரிதான் தெரியும். உறுதிமொழியோடு நீங்கள் கொடுப்பதும் அதே பாஸ்புக்கின் நகல். டிக்கெட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொள்வது கொஞ்சம் தொல்லை, ஆனால் வம்பில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லாததால், உங்களுக்குச் செலவு பெரிதாக ஆகாது. இந்தப் பணத்துக்காக நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பி.எஃப். விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. “சும்மா ஃபார்மாலிட்டிக்கு” என்று சொல்லி ஆதார், பான், வங்கி விவரம் வாங்கி, உங்கள் பெயரில் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் எடுத்து, சேர்ந்த தேதி போட்டுவிட்டால், பதிவேட்டில் அன்றிலிருந்து நீங்கள் ஊழியர். ஒரு ரூபாய் கையில் வாங்காவிட்டாலும் அப்படித்தான். நிதி கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் காட்டுவதற்காகத் தன்னார்வலர்களைச் சம்பளப் பட்டியலில் ஏற்றும் இடங்களும் உண்டு. வெள்ளைத் தாளிலோ வவுச்சரிலோ தொகை எழுதாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம் தங்கச்சி, நல்ல நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

ஆறு மாதம், வாரம் ஆறு நாள், காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை என்று கேட்கிறார்களா? அப்படியானால் நான் வேண்டாம் என்பேன். உதவித்தொகைக்காக இதைச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். பயிற்சி என்ற பெயரில் ஆடிட்டர் அலுவலகத்தில் பில் என்ட்ரி, கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, தனியார் பள்ளியில் ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு, முடிந்ததும் அடுத்த பெண்ணை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் நன்றாக வேரூன்றிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் போகாவிட்டால் அந்த வேலைக்கு அவர்கள் ஆள் எடுத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால், கேட்க வேண்டியது சம்பளம்.

உண்மையான பயிற்சியாக இருந்தால் என்ன கற்றுத் தருவார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். மகளிர் குழுக் கணக்கு எழுதுவது, கிராம அளவில் கணக்கெடுப்பு நடத்துவது, அறிக்கை தயாரிப்பது, கணினியில் விவரம் ஏற்றுவது என்று நான்கு விஷயத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் போகலாம். மூன்று மாதம், வாரம் மூன்று நாள் என்று பேசிப் பாருங்கள். மீதி நாள் நூலகமும் பயிலும் வட்டமும். ஞாயிறு தொலைதூரக் கல்வியின் தொடர்பு வகுப்புக்கு. அசைன்மென்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், எழுதி முடிக்காவிட்டால் தேர்வு எழுதியும் பயனில்லாமல் போகும். குரூப் 4 அறிவிப்பு வந்து தேதி தெரிந்துவிட்டால், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் தன்னார்வப் பணியை முழுதாக நிறுத்திவிடுவது நல்லது.

தன்னார்வப் பணியிலேயே அரசுத் தொகை வரும் வகையும் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியபோது, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். பெயர் தன்னார்வலர்தான், ஆனால் அரசுப் பணம் மாதா மாதம் உங்கள் பெயரில் வருகிறது. இப்படி ஒன்று கிடைத்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்று சொன்னாலும் 600-ஐ விட்டுவிட்டு 1,000-ஐ எடுத்துக்கொள்வதில் என்ன குறை? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நடத்தும் எழுத்தறிவு வகுப்பில் தன்னார்வலருக்கு மதிப்பூதியமே கிடையாது, அதனால் அதில் இந்தப் பிரச்சினை எழாது. அம்மாவுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நிபந்தனை, விண்ணப்பித்தவர் வாங்கும் தொகையைப் பற்றியது. அம்மா வாங்குவது அம்மா பெயரில்.

உதவித்தொகையோடு வரும் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பெரிய நிறுவனங்களில் ஒரு வருடப் பயிற்சி, தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய். தொலைதூரக் கல்வி மாணவரும் சேரலாம். ஆனால் அறிவிக்கும்போதே வயது 21 முதல் 24 வரை என்று வைத்துவிட்டார்கள். 21 வயதில் பட்டம் முடித்துப் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்து பட்டதாரி உதவித்தொகை வாங்கும்போது யாருக்கும் 26 ஆகிவிடும். இந்தக் கதவு திறக்கும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். இரண்டு திட்டத்தையும் வகுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. உங்கள் வீட்டில், தெருவில் பட்டம் முடித்த சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஐந்து வருடம் காத்திருக்காமல் முடித்த கையோடு இதையும், தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்பழகுநருக்குச் சட்டப்படி மாத உதவித்தொகை உண்டு, கலை அறிவியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள்.

அலுவலகத்தில் சொல்லிவிடுவதா, சொல்லாமல் இருப்பதா? சொல்லிவிடுங்கள், அதுவும் எழுத்தில். கவுன்டரில் நின்று “நான் சம்பளமில்லாம வேலைக்குப் போகலாமா சார்?” என்று கேட்டால், பின்னால் வரிசை நிற்கும்போது அவர் “கூடாதும்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேலை என்ற சொல் காதில் விழுந்தால் அதுதான் பாதுகாப்பான பதில். அதற்குப் பதில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பதிவு எண், உதவித்தொகை ஆணை விவரம், தொலைதூரக் கல்வியில் சேரும் படிப்பு, ஊதியமில்லாத தன்னார்வப் பயிற்சியின் காலம், நிறுவனக் கடிதத்தின் நகல் இணைப்பு. “தங்கள் தகவலுக்காகச் சமர்ப்பிக்கிறேன், இது நிபந்தனைக்கு மாறானது எனில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று முடியுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னாளில் கேள்வி வந்தால் அந்தச் சீல்தான் உங்களுக்குச் சாட்சி.

விதியே என்னவென்று யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். அப்போதும் “நான் போகலாமா?” என்று கேட்கக் கூடாது, கருத்துச் சொல்வது அந்தச் சட்டத்தில் வராது. உதவித்தொகைத் திட்டத்தின் அரசாணை நகலும் நிபந்தனைகளின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மறைத்துவிட்டு வாங்கலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். கண்டுபிடித்தால் தொகை நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கேட்கவும் இடமுண்டு. அதைவிட, அரசு வேலைக்குத் தேர்வெழுதுகிற பெண் 1,800 ரூபாய்க்காகத் தன் கையெழுத்தில் ஒரு பொய்யைக் கொடுத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குடும்ப வருமானத்தையும் மறக்காதீர்கள். வருடம் 72,000 என்றால் மாதத்துக்கு 6,000. நீங்கள் வேலைக்கே போகாவிட்டாலும், வீட்டில் இன்னொருவர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் மாதம் 10,000 ரூபாய்க்குச் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். தன்னார்வப் பணியால் தொகை போனது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தது, கடைசியில் விசாரித்தால் வருமானத்தால் போயிருக்கும்.

உதவித்தொகை வாங்குவதால் உங்கள் வேலைவாய்ப்புப் பதிவு ரத்தாகாது, பரிந்துரையும் நிற்காது. ஆனால் புதுப்பிக்கத் தவறினால் பதிவுமூப்பு போய்விடும். உதவித்தொகை போனாலும் பரவாயில்லை, பதிவு போகக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம் எல்லாம் தேர்வு வைத்தே ஆள் எடுப்பதால் பழைய காலத்து மதிப்பு அதற்கு இல்லைதான். இருந்தாலும் சில பணியிடங்களுக்கு இன்னும் பதிவுமூப்புப் பட்டியல் கேட்கிறார்கள். எம்.ஏ. முடித்ததும் அந்தத் தகுதியையும் பதியுங்கள். முதுநிலைப் பட்டம் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டியது. அது சென்னைக்கு அடுத்து மதுரையில்தான் இருக்கிறது என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் தனியார் வேலை முகாமுக்கும் ஒரு நடை போய்வாருங்கள், ஒத்துவரும் வேலை கிடைத்தால் 600 ரூபாயை நினைத்துத் தயங்காதீர்கள்.

தம்பி விஷயம். மாற்றுத்திறனாளிகளுக்கு விதி தனி. பதிந்து ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பும் வயது வரம்பும் கிடையாது, பத்து ஆண்டு வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய். அவருக்கு வேறு அரசு உதவித்தொகை ஏதாவது வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, கூடுதலாக இருப்பதை வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பதிவு அட்டை, மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் கடிதம் கொடுக்கப் போகும் அன்றே போய்விடுங்கள். அவருடைய பதிவு தேதியைப் பாருங்கள், ஓராண்டு முடிந்திருந்தால் அடுத்த காலாண்டு அறிவிப்புக்குக் காத்திராமல் விண்ணப்பப் படிவத்தை அன்றே கையோடு வாங்கி வந்துவிடலாம்.